முதற் கட்டுரையும் வழிகாட்டும் ஆசானும்: கூடலூர்ச் சான்றுகளை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

1. நுதலிய பொருள்

ஆராய்ச்சித் துறையில் அடியெடுத்து வைக்கும் மாணவர் முதன்முதல் எழுதுவது நூலன்று, ஆய்வேடும் அன்று, கருத்தரங்கு ஒன்றிற் படித்தற்குரிய சிறு கட்டுரையே ஆகும். அளவாற் சிறிதாயினும் அது மாணவரின் வாழ்வில் ஒரு திருப்பம். அதுவரை பிறர் எழுதியவற்றைக் கற்று ஒப்புவித்தவர், அன்றுமுதல் தாம் ஒன்றைக் கண்டதாகச் சொல்லி, அதற்குச் சான்று காட்டி, அவையினர் வினவும் வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பை ஏற்கின்றார். இப்பொறுப்பை அவர் ஏற்குமாறு ஆயத்தம் செய்வது ஆசிரியர் கடன். அக்கடன் இந்நாளில் எங்ஙனம் ஆற்றப்படுகின்றது, எங்ஙனம் ஆற்றப்படல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பொதுவாகப் பேசின் இப்பொருள் அறவுரையாய் முடிந்துவிடும். ஆகலின், ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் தென்பகுதியில், குமுளி மலைப்பாதையை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த கூடலூரே அவ்வூர். அங்குப் பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவர், தம் ஊர்ப்பெயரோடு தொடர்புடைய பொருள் ஒன்றைப் பற்றி முதற் கட்டுரை எழுதப் புகுகின்றார் எனக் கொள்வோம். அவர்முன் மூன்று தலைப்புகள் உள்ளன: புலிமான்கோம்பை நடுகல்லிற் குறிக்கப்பெறும் கூடல் ஊர், சங்கப் புலவர் கூடலூர் கிழார், மங்கலதேவி மலைமேல் உள்ள கண்ணகி கோட்டம். மூன்றும் ஊர்ப்பற்று மிக்க உள்ளத்தை ஈர்ப்பன. அவ்வீர்ப்பே இவற்றை அரிய சோதனைகளாக ஆக்குகின்றது.

2. அரங்கேற்ற மரபு

கட்டுரையை அவையின்கண் படித்து ஆய்வுக்கு உட்படுத்தும் முறை மேனாட்டினின்றும் வந்ததெனக் கருதுவார் உளர். கருத்தரங்கு என்னும் அமைப்பு பிற்காலத்ததாயினும், அதன் உள்ளீடு நமக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியதைக் கூறுகின்றது. நச்சினார்க்கினியர் உரைக்கும் கதையின்படி, அகத்தியர் அந்நூலைக் கேளற்க என்று தடுத்தமையால், அதங்கோட்டாசான் குற்றங் காணும் நோக்குடனேயே அமர்ந்தார்; அவர் காட்டிய குற்றம் அனைத்திற்கும் தொல்காப்பியர் விடை கூறினார். கதையின் வரலாற்று மெய்ம்மை எவ்வாறாயினும், அதனுள் அமைந்த கருத்து ஆழமானது. நூலின் பெருமைக்குச் சான்றாக நின்றவர் அதனைப் புகழ்ந்த நண்பரல்லர். குற்றங் காண அமர்ந்த கேட்போரே ஆவர்.

இறையனார் களவியலுரை கூறும் கதையும் இத்தகையதே. சங்கத்தார் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனி உரை கண்டபோது, அவற்றுள் மெய்யுரை யாது எனத் துணிதற்கு உருத்திரசன்மன் என்னும் மூங்கைச் சிறுவனைக் காரணிகனாக அமர்த்தினர் என்பது அக்கதை. பேச இயலாத சிறுவனைத் தேர்ந்ததன் உட்கிடை யாது? மதிப்பிடுவோன் ஒரு சார்பினனாதல் கூடாது; உரை வகுத்தார் ஒருவரோடும் அவனுக்குக் கொடுக்கல் வாங்கல் இருத்தல் ஆகாது என்பதே. எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் இக்கால வழக்கின் கருத்தும் இதுவேயாம்.

நன்னூலின் பாயிரப் பகுதி இவ்வகையில் மேலும் நுட்பமானது. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்தற்குரியார் தன்னாசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகும் உரைகாரன் என அது வகுக்கின்றது. நூல் செய்தவனே தன்னைப் புகழ்ந்துகொள்ளுதலைப் பொதுவாக விலக்குகின்றது. சிறப்புப் பாயிரத்தில் அமையவேண்டுவன ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என்கின்றது.

கருத்தரங்குக்கு முன்னர் அனுப்பவேண்டிய ஆய்வுச் சுருக்கத்திற்கு இதனினும் சிறந்த வாய்பாடு வேண்டுமோ? இவற்றுள் மூன்றை மட்டும் இக்காலத்திற்கேற்ப விரிப்பின் போதும். வழி என்பது, தமக்குமுன் இப்பொருளை ஆய்ந்தவர் யாவர், தாம் அவரைத் தழுவுகின்றாரா விலகுகின்றாரா என்பது. எல்லை என்பது, எந்நூல், எக்காலம், எந்நிலப்பகுதி ஆகியவற்றோடு ஆய்வு நிற்கும் என்பது. பயன் என்பது, கட்டுரையைக் கேட்டபின் அவையினர் முன்பு அறியாத எதனை அறிவர் என்பது. நம் மாணவர் எழுதும் சுருக்கங்கள் பலவற்றில் நுதலிய பொருள் ஒன்றே விரிந்து கிடக்க, வழியும் எல்லையும் பயனும் இடம்பெறாது போகின்றன. ஆசிரியர் முதற்கண் கேட்கவேண்டிய கேள்விகள் இம்மூன்றுமே ஆம்.

3. கருத்தரங்கக் கட்டுரையின் தகுதி

கருத்தரங்கிற் படித்த சிறு கட்டுரை ஒரு துறையின் போக்கையே மாற்றவல்லது என்பதற்கு எடுத்துக்காட்டு நம்மிடம் உண்டு. அகில இந்தியக் கீழ்த்திசை மாநாடு 1919ஆம் ஆண்டு புனேயில் தொடங்கிற்று. அதன் மூன்றாம் மாநாடு 1924இல் சென்னையில் நிகழ்ந்தது. அங்குக் கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர், பாண்டிய நாட்டுக் குகைகளிற் காணப்பட்ட பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். வடபுலத்துப் பிராமியிற் காணப்படாத சில வடிவங்கள் தமிழுக்கே சிறப்பாக உரிய ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் என்றும், அக்கல்வெட்டுகளின் மொழி தமிழே என்றும் அவர் காட்டினார்.

அவருடைய வாசிப்புகள் பல பிற்காலத்தில் திருத்தம் பெற்றன. ஆயினும் அக்கட்டுரையின் பெருமை குறைந்திலது. ஏன்? அவர் முடிவை மட்டும் கூறி அமையாது, எவ்வெழுத்தை எக்காரணத்தால் எங்ஙனம் படித்தார் என்பதைப் பிறர் சோதிக்குமாறு வைத்தார். அதனாலேயே பின்வந்தோர் அவரைத் திருத்தவும், அவர்மேற் கட்டவும் இயன்றது. ஐராவதம் மகாதேவன் 1966ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த கல்வெட்டுக் கருத்தரங்கில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை அளித்தார். அவர் அப்போது பல்கலைக்கழக ஆசிரியரல்லர், ஆட்சிப்பணியில் இருந்தவர். அக்கட்டுரை விரிந்து, திருந்தி, பெருநூலாக வெளிவந்தது 2003ஆம் ஆண்டிலாகும். இடைப்பட்ட காலம் 37 ஆண்டுகள். கருத்தரங்கக் கட்டுரை முடிந்த முடிபன்று, திருத்தத்திற்குத் திறந்துவைத்த வாயில் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

தமிழாய்வை உலக அரங்கிற் கொண்டு நிறுத்திய முயற்சியும் இத்தகைய கூட்டங்களின் வழியே நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுதில்லியில் கீழ்த்திசையியலார் கூடிய அனைத்துலக மாநாட்டின்போது, தனிநாயக அடிகளார் முதலியோர் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும் அதன் மாநாடுகள் தொடர்ந்தன. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத அறிஞரும் அவையில் அமர்ந்தமையால், நமக்குள் சொல்லாமலே விளங்கும் என்று நாம் விட்டுவிடும் செய்திகளையும் சான்றுகாட்டி நிறுவவேண்டிய கட்டாயம் எழுந்தது. அக்கட்டாயம் தமிழாய்வுக்கு ஆக்கமே தந்தது.

சோதித்தற்கு இடந்தருவதே நல்ல கட்டுரை. முதற் கட்டுரையிடத்து முடிவின் புதுமையை எதிர்பார்த்தல் வேண்டா. சோதிக்கத்தக்க வழியை எதிர்பார்த்தல் போதும். இவ்வளவுகோலைக் கொண்டு கூடலூர்த் தலைப்புகளை நோக்குவோம்.

4. நடுகல் சுட்டும் கூடல் ஊர்

2006ஆம் ஆண்டில், தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகையாற்றுப் பகுதியில் உள்ள புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் மூன்று கண்டறியப்பட்டன. கண்டறிந்தவர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள். இந்தியாவிற் கிடைத்த எழுத்துடை நடுகற்களுள் மிகப் பழையனவாக இவை மதிக்கப்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று, தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். கூடல், ஊர், ஆகோள் என்னும் சொற்கள் அதிற் பயில்கின்றன. ஆநிரை கவர்தலாகிய போரில் வீழ்ந்தவனுக்கு எடுத்த கல் என அறிஞர் பொருள் கொண்டனர். ஆகோள் என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித் துறைகளுள் ஒன்றாக ஓதும் சொல் என்பது மாணவர் அறிந்ததே.

கூடலூர் மாணவர் இக்கல்லைப் பற்றி எழுதுங்கால், அவர்தம் முதல் வாக்கியம் பெரும்பாலும் இங்ஙனம் அமையும்: எம் ஊர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லிற் பொறிக்கப்பெற்ற பெருமையுடையது. இவ்வாக்கியத்தை ஆசிரியர் செய்யவேண்டியது யாது? அடித்துவிடுதல் எளிது, அப்படியே விடுதல் அதனினும் எளிது. இரண்டும் தவறு. வாக்கியத்துள் மறைந்து கிடக்கும் வினாக்களை மாணவரே காணுமாறு செய்தல் வேண்டும்.

முதல் வினா: கல்லிலுள்ள கூடல், ஊர் என்பன ஒரு பெயரா, இரு சொற்களா? கூடல் என்பது மதுரையின் பெயராகச் சங்க இலக்கியத்துட் பயில்வது. மதுரையைச் சார்ந்த ஊர் எனப் பொருள் கொள்ளத் தடை உண்டா? இரண்டாம் வினா: கூடலூர் என்பது ஊரின் பெயரேயெனக் கொள்ளினும், அப்பெயருடைய ஊர்கள் எத்தனை? நீலகிரியில் ஒரு கூடலூர் உண்டு. கோவைப் பகுதியிலும் உண்டு. கடலூரின் பழம்பெயரும் கூடலூர் என்பாருளர். மூன்றாம் வினா: பலவற்றுள் கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூரே இதுவெனத் துணிதற்குரிய காரணம் யாது? நடுகல் நின்ற இடமும் இவ்வூரும் வைகையின் நீர்ப்பரப்பைச் சார்ந்த ஒரே நிலப்பகுதியின என்பது வலுவான காரணம். அக்கருத்தை மேற்கொள்வாரும் உளர். ஆனால் வலுவான காரணம் வேறு, முடிந்த சான்று வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த அன்றே மாணவர் ஆராய்ச்சியாளராகின்றார்.

இன்னும் ஒன்று. கூடல் என்பது ஆறுகள் கூடுமிடத்தைக் குறிக்கும் பெயராதலின், இன்று ஊரைச் சூழ்ந்தோடும் நீரோட்டங்களைக் காட்டி ஊர்ப்பெயரின் பழமையை நிறுவ மாணவர் முற்படுதல் கூடும். மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீர், அணையால் தேக்கப்பெற்று மலையூடே சுரங்கவழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, 1895ஆம் ஆண்டு முதல் இப்பள்ளத்தாக்கிற் பாய்கின்றது. எனவே இன்றைய நீர்நிலையைக் கொண்டு பண்டைய பெயரை விளக்கப் புகுவார், 1895க்கு முற்பட்ட நில அமைப்பை முதற்கண் பிரித்தறிதல் வேண்டும். இதனை நூலகத்திலிருந்தவாறே அறிதல் அரிது. ஊரில் உள்ளவர்க்கே பழைய ஓடைகளின் தடமும் வாய்க்கால்களின் பெயரும் தெரியும். ஊர்ப்பற்று தீங்கு என விலக்கற்பாலதன்று. அது சான்று திரட்டும் உழைப்பாக மாறவேண்டும் என்பதே நாம் கூறுவது.

ஆகோள் என்னும் சொல்லுக்கும் இஃது ஒக்கும். மலைமாடு எனப்படும் நாட்டினம் இன்றும் தேனி மலையடிவாரங்களில் மந்தை மந்தையாக வளர்க்கப்படுகின்றது. அம்மந்தைகள் செல்லும் தடங்கள், இரவில் அவை அடையும் பட்டிகள், மாட்டை அடையாளங் காணும் முறைகள் ஆகியவற்றை நன்கறிந்த மாணவர், வெட்சித்திணை உரைகளைப் பிறர் காணாத கண்ணோடு படித்தல் இயலும். ஆனால் எங்கள் ஊரில் இப்படித்தான் என்று எழுதுவது சான்றாகாது. யார் கூறினார், எவ்விடத்துக் கூறினார், எந்நாளிற் கூறினார், கூறியதைப் பிறிதொருவர் உடன்பட்டாரா என்பனவற்றைக் குறித்துவைத்தால் மட்டுமே அறிந்த செய்தி ஆய்வுச் சான்றாகும். இன்றைய மேய்ப்புமுறை அன்றைய ஆகோளை விளக்கத் துணைசெய்யுமேயன்றி நிறுவாது என்பதும் உணர்த்தற்பாலது.

5. கூடலூர் கிழார்

புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் சங்கப் புலவருள் தனிச்சிறப்புடையவர். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரலிரும்பொறை தொகுப்பிக்க, ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் அவரே என்பது அந்நூலின் பழங்குறிப்பால் அறியப்படும். பிறர் பாடல்களைத் தேர்ந்து, திணைவாரியாக நூறு நூறாக நிறுத்திய பணி, செய்யுள் இயற்றுதலினும் எளியதன்று. வழிகாட்டும் ஆசிரியர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் அவரை முன்னோராகக் கொள்ளுதல் தகும்.

இவர் கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூரினரா? ஊர்ப்பெயர் ஒப்புமை ஒன்றைக் கொண்டே ஆம் என எழுதிவிடும் கட்டுரைகள் தோன்றுதல் இயல்பு. இங்கு ஆசிரியர் மாணவரைப் பாடல்களை நோக்கித் திருப்புதல் வேண்டும். குறுந்தொகையில் 166, 167, 214ஆம் பாடல்கள் இவருடையன. புறநானூற்றில் 229ஆம் பாடல், பங்குனித் திங்களின் நள்ளிரவில் விண்மீன் வீழக்கண்டு அரசனுக்கு ஏதம் வருமென அஞ்சியிருந்து, ஏழாம் நாள் அவன் இறந்தமைகண்டு இரங்கிப் பாடியது. இவை தரும் அகச்சான்று யாது? புறப்பாட்டு வானியல் அறிவையும் சேரனோடு கொண்ட நெருக்கத்தையும் காட்டும்; புலவர்தம் ஊரைக் காட்டாது. குறுந்தொகை 166 மரந்தை என்னும் கடற்கரையூரைக் குறிக்கின்றது. அது சேரர் கடற்கரையோடு தொடர்புபடுத்தப் பெறுவது. ஆகவே சான்றுகள் சேரநாட்டுத் தொடர்பை நோக்கிச் சாய்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கோ பாண்டிநாட்டின் எல்லையில், சேரநாட்டு மலைக்கு அடிவாரத்தில் உள்ளது. எனவே மறுத்தற்கும் இடமில்லை, நிறுவுதற்கும் இடமில்லை.

இந்நிலையில் கட்டுரை பயனற்றதாயிற்று என மாணவர் சோர்வுறுவர். ஆசிரியர் துணை மிகுதியும் வேண்டப்படும் இடம் இதுவே. தலைப்பை மாற்றினால் அதே உழைப்பு பயன்தரும். கூடலூர் கிழார் எவ்வூரினர் என்னும் வினாவை விடுத்து, ஊர்ப்பெயரோடு கிழார் என்னும் சொல் இணைந்த சங்கப் புலவர் பெயர்கள் யாவை, அவ்வூர்களுள் எத்தனை ஐயமின்றி இடங்காணப்பட்டுள்ளன, அவ்விடங்காணலுக்குக் கொள்ளப்பெற்ற சான்று வகைகள் யாவை என்று வினவினால், சிறிய, முடிக்கத்தக்க, பிறர்க்குப் பயன்படும் கட்டுரை ஒன்று கிடைக்கும். விடை காணமுடியாத பெருவினாவைச் சோதிக்கத்தக்க சிறுவினாவாகக் குறுக்கிக் கொடுத்தலே வழிகாட்டுதலின் உயிர்நிலை.

6. மங்கலதேவிக் கோட்டம்

மூன்றாம் தலைப்பு, உணர்ச்சி மிக்கது. கூடலூர்ப் பக்கத்துப் பளியன்குடி வழியாக ஏறிச் செல்லும் மலைமேல், தமிழ்நாடு கேரள எல்லையில் சிதைந்த கோயிலொன்று உள்ளது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலா நாளில் இருமாநில மக்களும் வழிபடச் செல்கின்றனர். கரந்தைப் புலவர் சி. கோவிந்தராசனார், சிலப்பதிகாரம் கூறும் வழியைப் பின்பற்றி நடந்து ஆய்ந்து, 1963ஆம் ஆண்டில் இக்கோயிலே கண்ணகி கோட்டம் எனக் கண்டு வெளியிட்டார். நூலறிவையும் கால்நடை உழைப்பையும் ஒருங்கிணைத்த அம்முயற்சி தமிழாய்வு வரலாற்றிற் போற்றற்குரியது.

அதனைப் போற்றுதல் வேறு, ஆய்தல் வேறு. மாணவர் கட்டுரையில் அடிக்கடி நிகழும் பிழை, இரு வினாக்களை ஒன்றாக மயக்குதல். கண்ணகி மதுரையின் மேற்கு வாயிலால் நீங்கி, வையையின் கரைவழியே சென்று ஏறிய நெடுவேள் குன்றம் யாது என்பது ஒரு வினா. சேரன் செங்குட்டுவன் இமயக்கல்லைக் கொணர்ந்து பத்தினிக் கடவுளை நிறுவிய கோயில் எங்குளது என்பது மற்றொரு வினா. முன்னதற்கு வையைக்கரை வழி சான்றாகும். பின்னதற்கு வஞ்சி நகரின் இடம் தெளிவுறல் வேண்டும். வஞ்சியோ நெடுங்கால வழக்கிற்குரிய ஊர். வி. கனகசபைப் பிள்ளை 1904இல் வெளிவந்த தம் நூலில் அதனைப் பெரியாற்றங்கரைத் திருக்கரூரெனக் கொண்டார், இரா. இராகவையங்கார் கொங்குநாட்டுக் கருவூரே வஞ்சி என வாதிட்டார். கொடுங்கோளூரெனக் கொண்டாரும் பலர். நெடுவேள் குன்றத்தைத் திருச்செங்கோடெனக் கொண்ட பழங்கருத்தும் உண்டு. வரந்தரு காதையில் வரும் மங்கல மடந்தை கோட்டம் என்னும் பெயர், மங்கலதேவி என்னும் இன்றைய பெயரோடு ஒத்திருத்தல் கருதத்தக்கது. ஆயின் காதை கூறும் அக்கோட்டமும் செங்குட்டுவன் எடுத்த கோயிலும் ஒன்றா என்பதும் ஆயத்தக்கதே.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டுதல் கோவிந்தராசனார்தம் கருத்தை மறுத்தலாகாது. வழிச்சான்று, பெயர்ச்சான்று, வழிபாட்டு மரபுச்சான்று, கல்வெட்டும் கட்டடமும் தரும் சான்று என நால்வகையாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எவ்வினாவுக்கு எவ்வளவு விடையளிக்கின்றது எனக் காட்டும் கட்டுரையே அவர்தம் உழைப்புக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும். இருமாநில எல்லைச் சிக்கலோடு பிணைந்த இடமாதலின், மிகைபடக் கூறிய ஒரு வாக்கியம் ஆய்வுமன்றத்தைத் தாண்டி வழக்குமன்றத்திலும் எதிரொலிக்கலாம். அளவறிந்து கூறுதல் இங்கு நடையழகு மட்டுமன்று; அறமும் ஆகும்.

7. வழிகாட்டும் முறை: இன்றைய நிலையும் வேண்டுவதும்

2016ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக்குழு வகுத்த விதிகள், முனைவர் பட்ட ஆய்வேடு அளிக்குமுன் ஒரு கட்டுரையை மதிப்பீட்டிற்கு உட்பட்ட ஆய்விதழில் வெளியிடுதலையும், இரண்டு கட்டுரைகளை மாநாடு அல்லது கருத்தரங்குகளிற் படித்தலையும் கட்டாயமாக்கின. கட்டாயம் எண்ணிக்கையைப் பெருக்கிற்று. எண்ணிக்கை தொகுதிகளைப் பெருக்கிற்று. வந்த கட்டுரைகளையெல்லாம் முன்னரே அச்சிட்டு, கருத்தரங்கத் தொடக்கத்திலேயே தொகுதியை வெளியிடும் வழக்கம் பல இடங்களிற் பரவிற்று. அவ்வழக்கில் அவையினர் கூறும் திருத்தம் அச்சேறிய கட்டுரையைத் தீண்டமாட்டாது. அரங்கேற்றத்திற்கு முன்பே நூல் முற்றுப்பெற்றுவிடுமாயின், அதங்கோட்டாசானுக்கு அங்கு என்ன வேலை? 2022 நவம்பரில் வந்த விதிகள் அக்கட்டாயத்தை நீக்கின. இனிக் கட்டுரை படிப்பது கட்டாயத்தால் அன்று, பயனால் என்னும் நிலை பிறந்துள்ளது. இந்நிலையை நாம் நழுவவிடுதல் கூடாது.

வழிகாட்டுவோர் மூவகையினர். மாணவர் கட்டுரையைத் தாமே எழுதிக் கொடுப்பார் ஒருவகை. படியாமலே கையொப்பமிட்டுத் தம் பெயரையும் இணைத்துக்கொள்வார் மற்றொரு வகை. வினவி வினவி மாணவரையே எழுதச் செய்வார் மூன்றாம் வகை. முதல்வகையினர் அன்பு மிக்கவர் போலத் தோன்றுவர். ஆயினும் அவையில் முதல் வினா எழுந்த நொடியே அம்மாணவர் துணையின்றி நிற்பார். இரண்டாம் வகையினர் செயல் சிறப்புப் பாயிர மரபுக்கே முரணானது. தன்னாசிரியன் நூலின் பெருமைக்குச் சான்றாக நிற்கலாமேயன்றி, தாம் இயற்றாத நூலுக்கு ஆக்கியோனாக நிற்றல் ஆகாது.

இவ்விடத்து ஒரு தடை எழும். குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்ட மாணவர், நல்ல நூலகமற்ற சிற்றூரினின்றும் வருபவர், இத்துணை வினாக்களுக்கு ஈடுகொடுப்பரோ. கடுமை அவர்தம் ஊக்கத்தைக் கெடுக்காதோ என்பர். இத்தடை புறந்தள்ளற்பாலதன்று. நூலகமில்லாக் குறையை மாணவர் குறையாகக் கருதுதல் கொடுமை. வேண்டும் நூல்களைத் தேடிக்கொடுத்தலும் படியெடுத்து அனுப்புதலும் ஆசிரியர் பணியின் பகுதியே. ஆனால் சிற்றூர் மாணவர்க்கென அளவுகோலைத் தளர்த்துதல் அவரை உயர்த்துவதாகாது. அவர்தம் கட்டுரையை எவரும் பொருட்படுத்தாத நிலைக்கே தள்ளும். வினா கடுமையாக இருக்கலாம். வினவும் குரல் கடுமையாக இருத்தல் வேண்டா. குற்றத்தைத் தனியே கூறி, நன்றியை அவையிற் கூறுதல் ஆசானுக்கு அழகு.

நன்னூல் மாணாக்கர் வரலாற்றிற் கூறும் கணக்கொன்று இங்குப் பெரிதும் பயன்படும். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொள்ளினும் மாணவர் பெறுவது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு. பிறர்க்கு விளங்க உரைத்தலால் எஞ்சிய அரைக்கூறு நிரம்பும் என்பது அதன் கருத்து. இக்கணக்கின்படி முதற் கட்டுரை ஆயத்தமாகும் முறையை நாம் மூன்று படிகளாக வகுக்கலாம்.

முதற்படி ஆசிரியரோடு. வினாவை ஒரே வாக்கியத்தில் எழுதுவித்தல். வழி, எல்லை, பயன் மூன்றையும் எழுதுவித்தல். கட்டுரையிலுள்ள ஒவ்வொரு கூற்றின் எதிரேயும் மூலச்சான்று, பிறர் கருத்து, தம் ஊகம் என்னும் மூன்றனுள் எஃது என்று ஓரத்தில் குறிக்கச் செய்தல். புலிமான்கோம்பைக் கல்லில் ஆகோள் என்னும் சொல் உண்டு என்பது மூலச்சான்று. ஆநிரைப் போரில் வீழ்ந்தவனுக்கு எடுத்த கல் என்பது அறிஞர் கருத்து. அப்போர் நம் கூடலூரில் நிகழ்ந்தது என மாணவர் துணிவது ஊகம். இம்முறையை ஒருமுறை செய்தவர் வாழ்நாள் முழுதும் மறவார்.

இரண்டாம்படி உடன் மாணவரோடு. கருத்தரங்கிற்கு இரு கிழமைக்கு முன்னர், துறையினுள்ளேயே கட்டுரையைப் படிக்கச் செய்து, தோழர் ஒருவரை அதங்கோட்டாசானாக அமர்த்துதல் வேண்டும். குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல், மாறுகொளக்கூறல் முதலாக நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களைக் கொண்டு அவர் ஆய்க. தோழர் சுட்டும் குற்றம் ஆசிரியர் சுட்டுவதினும் எளிதில் மனம்புகும்.

மூன்றாம்படி அவையோடு. படிக்கும் நேரம் பதினைந்து நிமிடமாயின், பத்து நிமிடத்துக்குரியதையே எழுதுதல் நன்று, எஞ்சியது வினாவுக்குரியது. அவையினர் வினாக்களை மாணவர் அன்றே எழுதிக்கொண்டு, திங்களொன்றுக்குள் கட்டுரையைத் திருத்தி, திருத்தியவற்றுக்குக் காரணராயினார் பெயரை நன்றியுடன் குறித்தல் வேண்டும். தொகுதி வெளியிடுவோர் இத்திருத்தத்திற்குப் பின்னரே அச்சேற்றுதல் முறை.

8. முடிபு

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். முதற் கட்டுரையின் தகுதி அதன் முடிவின் பெருமையால் அன்று, சோதித்தற்கு இடந்தரும் நேர்மையால் அமைவது. ஊர்ப்பற்று ஆய்வுக்குத் தடையன்று. சான்றாக மாறாதவழித் தடையாகும். வழிகாட்டும் ஆசான் செய்யத்தக்கது விடை தருதலன்று. வினாவைச் சிறிதாக்கித் தருதலும், அதற்கு வேண்டும் கருவிகளைத் தருதலும், தாம் ஒதுங்கி நின்று மாணவரை அவைமுன் நிறுத்துதலுமாம்.

கூடலூரைப் பற்றி எழுதவேண்டுவன இன்னும் பல உள. பழைய ஓடைகளின் பெயர்கள், மலைமாட்டு மேய்ப்பர் வழங்கும் சொற்கள், பளியர் வழக்குகள், மங்கலதேவி பற்றிய வாய்மொழிக் கதைகள் ஆகியன தொகுக்கப்பெறல் வேண்டும். இவற்றை அறிந்த முதியோர் இருக்குங்காலத்தேயே இப்பணி நிகழ்தல் வேண்டும். அதனைச் செய்யவல்லவர் அப்பள்ளத்தாக்கிலேயே பிறந்த மாணவரே. அவர்தம் கையில் அளவறிந்து எழுதும் எழுதுகோலைக் கொடுப்பது தமிழ்த்துறைகளின் கடன். புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் எக்கூடலூரினராயினும் ஆகுக. அம்மாணவர் தொகுப்பனவற்றைக் கொண்டு நாளை ஒருவர் புலத்துறை முற்றுவராயின், ஆசிரியர் உழைப்பு பயனுடையதாகும்.